காலைல மட்டும் கம்ப்யூட்டர் ஆன் ஆக மாட்டேங்குது, ஒருதடவ ஆன் ஆயிட்டா ராத்திரி வரைக்கும் ஓடுது. மதர்போர்டு போயிடுச்சுங்கறாங்க, உண்மையா?

ஜெராக்ஸ்கடை_கும்பகோணம்:

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்துல சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், டைப்பிங், ஆன்லைன் அப்ளிகேஷன், கல்யாண பத்திரிகை டிசைன் எல்லாம் பண்றோம். கடைல இருக்கறது ஒரே ஒரு டெஸ்க்டாப்தான். இன்டெல் ஐ3 ரெண்டாவது ஜெனரேஷன், எச்61 போர்டு, 4 ஜிபி ரேம் ரெண்டு, டேட்டாவுக்கு பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், அப்பறமா போட்ட 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்னு, விண்டோஸ் எஸ்எஸ்டில இருக்கு. கிராபிக்ஸ் கார்டு தனியா கெடையாது. 600 விஏ யுபிஎஸ் வழியா ஓடுது.

பிரச்சினை என்னன்னா, காலைல கடைய தொறந்து பவர் பட்டன அமுக்குனா சிபியு ஃபேன் ஒரு சுத்து சுத்துது, உடனே நின்னுடுது, அப்பறம் தானா மறுபடி சுத்துது, நின்னுடுது. மானிட்டர்ல ஒன்னும் வராது. இப்படி நாலஞ்சு தடவ, சில நாள் பத்து தடவகூட அமுக்குனப்பறம் திடீர்னு பிடிச்சுக்கும். பிடிச்சுக்கிட்டா ராத்திரி கடைய சாத்தற வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல, நடுவுல ரீஸ்டார்ட் பண்ணாலும் ஒழுங்கா வருது. ஆனா காலைல அப்படி பிடிச்சு வந்தாலும் சில நாள் கறுப்பு ஸ்க்ரீன்ல எஃப்1 அமுக்குன்னு கேக்குது, சில நாள் ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்னு வந்து நிக்குது, அப்ப பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற போர்டோட செட்டிங் பக்கம்) உள்ள போயி எஸ்எஸ்டிய மேல தூக்கி வச்சாதான் விண்டோஸ் வருது. விண்டோஸ் வந்தாலும் தேதி பல வருஷம் பின்னாடி போயிருக்கு, அத சரி பண்ற வரைக்கும் எந்த வெப்சைட்டும் தொறக்க மாட்டேங்குது, பாதுகாப்பு இல்லன்னு செவப்பா வருது.

இங்க சர்வீஸ் பண்றவர் ஒருத்தர் வந்து பாத்துட்டு போர்டு போயிடுச்சு, இந்த போர்டு இனிமே கெடைக்காது, போர்டு பிராசசர் ரேம் மூனையும் சேத்து மாத்திடலாம், 12,000 ஆகும்னு சொல்லிட்டாரு. இப்ப அப்ளிகேஷன் சீசன், கஷ்டமர் வரிசைல நிக்கறாங்க. இன்னொன்னு, கஷ்டமரோட ஃபைல் எல்லாம் அதுலதான் இருக்கு, அது போயிடக்கூடாதுங்கறதுதான் எனக்கு பெரிய பயம். பணத்த போடறதுக்கு முன்னாடி இத வேற எதாவது பண்ணி பாக்கலாமா, விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இத இதோட சேத்து சொல்லலாமான்னு தெரியல, கேபினட்ட தொட்டா அப்பப்ப லேசா சுருக்குனு ஷாக் அடிக்குது, செருப்பில்லாம இருந்தா நல்லாவே தெரியுது.

மதுரை_பையன்:

ப்ரோ ரேம கழட்டி அந்த தங்க கலர் பல்லு மாதிரி இருக்கற எடத்த பென்சில் ரப்பர் வச்சு நல்லா தேச்சு, தூள ஊதிட்டு, மறுபடி டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கி போடுங்க. பாதி டெஸ்க்டாப்புக்கு இதுதான் மருந்து. ரெண்டு ரேம்ல ஒன்ன மட்டும் போட்டு பாருங்க, அப்பறம் இன்னொன்ன, ஸ்லாட்டயும் மாத்தி மாத்தி பாருங்க.

ஜெராக்ஸ்கடை_கும்பகோணம்:

தம்பி அதெல்லாம் பண்ணியாச்சு. ஒரு ரேம், இன்னொரு ரேம், ரெண்டு ஸ்லாட், எல்லா விதத்துலயும் காலைல அதே கதைதான். மத்தியானம் எந்த ரேம எந்த ஸ்லாட்டுல போட்டாலும் ஓடுது.

பழையபோர்டு:

சார் வணக்கம், நான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல பல வருஷம் பெஞ்ச் ஒர்க் பாத்தவன். நீங்க எழுதுனத பாத்தா போர்டு போன மாதிரி எனக்கு தோணல. ரேம் போனா மத்தியானமும் போகணும். காலைல மட்டும் பண்ற கோளாறுக்கு காரணம் வேற. ஆனா ஊகத்துல எதையும் வாங்க சொல்ல மாட்டேன், மொதல்ல சில விஷயம் சொல்லுங்க. ராத்திரி போகும்போது யுபிஎஸ்ஸ ஆஃப் பண்ணிட்டு போறீங்களா, இல்ல ஆன்லயே விட்டுட்டு போறீங்களா? ஆன் ஆகாத நேரத்துல எதாவது பீப் சத்தம் கேக்குதா? போர்டுல சின்ன ஸ்பீக்கர் மாட்டியிருக்கா? எஸ்எம்பிஎஸ், அதான் கேபினட்டுக்குள்ள எல்லாத்துக்கும் கரன்ட் குடுக்கற பெட்டி, எவ்ளோ பழசு, மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல 12 வோல்ட்டுக்கு நேரா எத்தன ஆம்பியர்னு போட்டிருக்கு? உங்ககிட்ட மல்டிமீட்டர் இருக்கா, இல்லன்னா பக்கத்துல யார்கிட்டயாவது வாங்க முடியுமா?

ஜெராக்ஸ்கடை_கும்பகோணம்:

சார் ரொம்ப நன்றி. யுபிஎஸ் ராத்திரி ஆஃப் பண்ணி, செவுத்துல இருக்கற சுவிட்சயும் ஆஃப் பண்ணிட்டுதான் போவோம், அப்பா காலத்துலேந்து அது பழக்கம். ஸ்பீக்கர் எதுவும் இல்ல, சத்தமும் இல்ல. எஸ்எம்பிஎஸ் கேபினட்டோடயே வந்தது, கம்ப்யூட்டர் வாங்குன நாள்லேந்து அதுதான், மேல 450 வாட்னு பெருசா போட்டிருக்கு, 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர்னு இருக்கு. மல்டிமீட்டர் மச்சான்கிட்ட இருக்கு, வாங்கிக்கலாம்.

நீங்க கேட்டப்பறம் ஒன்னு ஞாபகம் வந்துச்சு. ஒரு நாள் சாயங்காலம் நல்ல மழை, கடைப் பையன் அவசரமா பூட்டிட்டு போனான், யுபிஎஸ் ராத்திரி பூரா ஆன்லயே இருந்துருக்கு. மறுநாள் காலைல ஒரே அமுக்குல வந்துடுச்சு, தேதியும் கரெக்டா இருந்துச்சு, எஃப்1னு கேக்கவும் இல்ல. அன்னிக்கு தானா சரியாயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டோம், அதுக்கடுத்த நாளே பழையபடி ஆயிடுச்சு.

பழையபோர்டு:

சார், நீங்க கடைசியா சொன்ன மழை நாள் விஷயம்தான் இதுல முக்கியம். அதுலேந்து பாதிக்கு மேல புரிஞ்சுடுது. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க, ஏன்னா உங்க மெஷின்ல இருக்கறது ஒரு கோளாறு இல்ல, ரெண்டு. ரெண்டும் யுபிஎஸ் ஆஃப் ஆனாதான் வெளிய தெரியுது, அதனால பாக்கறவங்களுக்கு ஒரே வியாதி மாதிரி தெரிஞ்சு போர்டு மேல பழிய போட்டுட்டாங்க.

மொதல் கோளாறு சின்னது. போர்டுல வட்டமா வெள்ளி காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். கரன்ட் இல்லாத நேரத்துல கடிகாரத்த ஓட்டறதும் பயாஸ் செட்டிங்க காப்பாத்தறதும் அதோட வேல. உங்களுது செத்துப்போச்சு. யுபிஎஸ் ஆன்ல இருந்தா எஸ்எம்பிஎஸ்ஸே அந்த கடிகாரத்துக்கு கரன்ட் குடுத்துடும், பேட்டரி செத்தது வெளிய தெரியாது. ஆஃப் பண்ணுனா தேதி போயிடும், செட்டிங் எல்லாம் ஃபேக்டரில வச்ச மாதிரி ஆயிடும். அப்ப பூட் ஆர்டர்ல பழைய ஹார்ட் டிஸ்க் மேல வந்துடும், அதுல விண்டோஸ் இல்ல, அதனாலதான் ப்ராப்பர் பூட் டிவைஸ்னு கேக்குது. வெப்சைட் தொறக்காததும் தேதியாலதான், ஒவ்வொரு சைட்டோட சர்டிஃபிகேட்டுக்கும் இந்த தேதிலேந்து இந்த தேதி வரைக்கும்னு ஒரு காலம் இருக்கு, உங்க கம்ப்யூட்டர் பல வருஷம் பின்னாடி இருந்தா இந்த சர்டிஃபிகேட் இன்னும் செல்லாதுன்னு ப்ரவுசர் நெனைக்குது. எஸ்எஸ்டிலயும் விண்டோஸ்லயும் ஒரு தப்பும் இல்ல, தயவுசெஞ்சு யாரும் சொன்னாங்கன்னு ஃபார்மட் பண்ணிடாதீங்க.

வாங்கும்போது 2032தானான்னு பாத்து வாங்குங்க. 2025னு ஒன்னு பாக்க அப்படியே இருக்கும். மொத ரெண்டு நம்பர் அகலம், 20 மில்லிமீட்டர், அடுத்த ரெண்டு கனம், 2032ன்னா 3.2 மில்லிமீட்டர், 2025ன்னா 2.5தான், ஹோல்டர்ல லூசா ஆடும். 50 ரூபா பக்கம் செலவு. பழச கழட்டுனதும் கண்ட எடத்துல போட்டுடாதீங்க, கடைக்கு கொழந்தைங்க வந்தா வாய்ல போட்டுக்குவாங்க, அந்த பட்டன் செல் தொண்டைல மாட்டுனா கொஞ்ச நேரத்துலயே உள்ள அரிச்சுடும், உயிருக்கே ஆபத்து. செல்லோடேப் சுத்தி தனியா எடுத்து வச்சு தூக்கிப் போடுங்க.

ரெண்டாவது கோளாறுதான் உங்கள காலைல படுத்தறது, அது எஸ்எம்பிஎஸ் உள்ள இருக்குன்னு நெனைக்கறேன். கம்ப்யூட்டர் ஆஃப்ல இருந்தாலும் எஸ்எம்பிஎஸ்ல ஒரு சின்ன பகுதி எப்பவும் முழிச்சுக்கிட்டே இருக்கும். ஊதா கலர் ஒயர் ஒன்னு இருக்கும், அதுல 5 வோல்ட் எப்பவும் வந்துக்கிட்டே இருக்கணும், ஸ்டேண்ட்பைன்னு சொல்லுவோம். நீங்க பட்டன அமுக்குனா போர்டு அந்த 5 வோல்ட்ல இருந்துதான் முழிக்குது, பச்ச ஒயர கிரவுண்டுக்கு இழுக்குது, ஒடனே எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 மூனையும் கெளப்புது, எல்லா வோல்டேஜும் நிலையானப்பறம் சாம்பல் கலர் ஒயர்ல பவர் குட்னு ஒரு சிக்னல் குடுக்குது. அந்த சிக்னல் வந்தாதான் பிராசசர் வேலைய ஆரம்பிக்கும். நடுவுல எங்கயாவது வோல்டேஜ் தொங்குனா போர்டு விட்டுடும், ஃபேன் ஒரு சுத்து சுத்தி நிக்கறது அதுதான்.

ஏன் காலைல மட்டும்னு கேப்பீங்க. வோல்டேஜ் ஆடாம சீரா வச்சுக்கறதுக்கு உள்ள இருக்கற எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்ல ஒரு திரவம் இருக்கும், வருஷக்கணக்குல சூட்டுல அது காஞ்சுக்கிட்டே வரும். காஞ்ச கெப்பாசிட்டர் குளுந்து கெடக்கும்போது ரொம்ப மோசமா வேல செய்யும், சூடாக சூடாக கொஞ்சம் தேறும். நீங்க திரும்ப திரும்ப அமுக்கும்போது என்ன நடக்குதுன்னா அது கொஞ்சம் கொஞ்சமா சூடாகுது, ஒரு கட்டத்துல போதுங்கற அளவுக்கு வந்ததும் பிடிச்சுக்குது. அப்பறம் ராத்திரி வரைக்கும் சூடாவே இருக்கறதால ரீஸ்டார்ட்டும் ஒழுங்கா வருது. மழை நாள்ல யுபிஎஸ் ஆன்ல இருந்ததால ஸ்டேண்ட்பை பகுதி ராத்திரி பூரா வெதுவெதுன்னு இருந்துருக்கு, ஒரே அமுக்குல வந்துடுச்சு.

இத ஒரு பைசா செலவில்லாம சோதிக்கலாம். நாளைக்கு காலைல யுபிஎஸ்ஸ மட்டும் ஆன் பண்ணுங்க, பவர் பட்டன தொடவே தொடாதீங்க, கடைய கூட்டி பெருக்கி சாமி கும்பிட்டு ஒரு அரை மணி நேரம் கழிச்சு அமுக்குங்க. மொத அமுக்குலயே வந்துட்டா நான் சொல்றது ஏறக்குறைய சரி.

மல்டிமீட்டர் கெடைச்சா இன்னும் நிச்சயமா தெரிஞ்சுடும். டிசி 20ல வச்சு, கறுப்பு ப்ரோப ஏதாவது கறுப்பு ஒயர் பக்கத்துல, செவப்பு ப்ரோப போர்டுல மாட்டியிருக்கற 24 பின் கனெக்டருக்கு பின்பக்கமா ஊதா ஒயர் கூடயே மெல்ல சொருகுங்க. கனெக்டர கழட்ட வேணாம், லோடு இருக்கும்போது பாத்தாதான் உண்மை தெரியும். 4.75லேந்து 5.25க்குள்ள இருக்கணும். அதே மாதிரி ஆன் ஆனப்பறம் மஞ்சள் ஒயர்ல 11.4லேந்து 12.6க்குள்ள இருக்கணும். ரெண்டு ப்ரோபும் ஒன்னோட ஒன்னு உரசிடாம பாத்துக்குங்க, அவ்ளோதான்.

பச்சையையும் கறுப்பையும் பேப்பர் கிளிப் வச்சு சேத்து ஃபேன் சுத்துதான்னு பாக்கற வழிய நெறைய பேர் சொல்லுவாங்க. அதுல ஃபேன் சுத்தலன்னா எஸ்எம்பிஎஸ் அவுட்னு தெரியும், ஆனா சுத்துனா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. லோடே இல்லாம ஒரு ஃபேன சுத்தறது பெரிய வேல இல்ல, உங்க மாதிரி கேஸ்ல அது நம்மள ஏமாத்திடும்.

கோவைக்காரி:

பழையபோர்டு அண்ணா சொன்னத அப்படியே ஒத்துக்கறேங்க. நான் ஒரு காலேஜ்ல லேப் பாத்துக்கறேன், லீவு முடிஞ்சு ஜூன்ல லேப தொறந்தா வரிசையா எல்லா மானிட்டர்லயும் எஃப்1, எஃப்1னு நிக்குமுங்க, மெயின் ஆஃப்ல இருந்ததால அத்தன பேட்டரியும் தானே கடிகாரத்த ஓட்டி காலியாயிருக்கும். பேட்டரி பழசாயிட்டா கடிகாரத்தோட போகாது, இன்னொரு தொல்லையும் குடுக்கும். சில எச்61 போர்டுல செட்டிங் அழிஞ்சா ஹார்ட் டிஸ்க் மோட், அதாவது போர்டு டிஸ்க்கோட பேசற முறை, ஏஎச்சிஐலேந்து ஐடிஇக்கு மாறிடுமுங்க, விண்டோஸ ஏஎச்சிஐல போட்டிருந்தா நீல ஸ்க்ரீன்ல இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்னு வந்து நிக்கும். அத பாத்து எஸ்எஸ்டி போயிடுச்சுன்னு நெனச்சு புதுசு வாங்குனவங்க இருக்காங்க. உங்களுக்கு அது இதுவரைக்கும் வரல, ஆனா வந்தா பயாஸ்ல போயி சாட்டா மோட மட்டும் ஏஎச்சிஐன்னு மாத்துங்க, எல்லாம் அப்படியே வந்துடும்.

பேட்டரி மாத்தறதுக்கு முன்னாடி, மெஷின் ஒழுங்கா ஓடற ஒரு மத்தியானம் பயாஸ்க்குள்ள போயி ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோன்ல படம் எடுத்து வச்சுக்குங்க. ஏதாவது மாறுனா பாத்து திருப்பி வச்சுக்கலாம். பூட் ஆர்டர்ல இன்னொரு விஷயம், உங்க மாதிரி போர்டுல பூட் ஆப்ஷன்ல ஹார்ட் டிஸ்க்னு ஒன்னுதான் காட்டும், எந்த டிஸ்க்குங்கறத கீழ ஹார்ட் டிரைவ் பிபிஎஸ் ப்ரையாரிட்டீஸ்னு தனியா ஒரு எடத்துல வைக்கோணும். அங்க எஸ்எஸ்டிய மொதல்ல வச்சா போதும்.

அப்பறம் ஃபைல் பத்தி பயமா இருக்குன்னீங்க. இத எல்லாத்துக்கும் முன்னாடி பண்ணுங்க, இன்னிக்கே பண்ணுங்க. மெஷின் ஓடிட்டு இருக்கும்போதே கஷ்டமர் ஃபைல், டிசைன், போட்டிருக்கற தமிழ் ஃபான்ட் எல்லாத்தையும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல காப்பி எடுங்க. பாமினில அடிச்ச பழைய ஃபைல் எல்லாம் அந்த ஃபான்ட் இல்லன்னா வெறும் இங்கிலீஷ் எழுத்தா கெடக்கும். தடுமாறற எஸ்எம்பிஎஸ்ல ஓடற பழைய ஹார்ட் டிஸ்க்க நம்பவே கூடாதுங்க, ஆன் ஆகி ஆஃப் ஆகி ஆன் ஆகி ஒவ்வொரு தடவயும் அது சுத்த ஆரம்பிச்சு நிக்குது, அதுக்கு அது ரொம்ப கெடுதல்.

இன்னொன்னும் பாத்துருங்க, செலவே இல்ல. பவர் பட்டன் உள்ள மாட்டிக்கிட்டு திரும்ப வராம இருந்தாலும் ஆன் ஆகி அணையும், ஏன்னா பட்டன 4 செகண்ட் அமுக்கி பிடிச்சா கம்ப்யூட்டர் அணைஞ்சுடும்ல, அதேதான். ஒரு சுத்துலயே நிக்கறதால உங்களுக்கு அதுவா இருக்காதுன்னு தோணுது, இருந்தாலும் போர்டுல பவர் சுவிட்ச் ஒயர கழட்டிட்டு அந்த ரெண்டு பின்ன ஸ்க்ரூடிரைவர் நுனில ஒரு செகண்ட் தொட்டு ஆன் பண்ணி பாருங்க. முன்பக்க யுஎஸ்பி ஒயரயும் அப்பவே கழட்டி விட்டுருங்க, ஜெராக்ஸ் கடைல பென் டிரைவ சொருகி சொருகி அந்த போர்ட்டு உள்ள வளஞ்சு ஷார்ட் ஆகறது சகஜமுங்க.

திருச்சி_2.0:

எல்லாரும் இவ்ளோ மெனக்கெடறீங்க, ஆனா ரெண்டாவது ஜெனரேஷன் ஐ3 வந்தது 2011ல. விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சு போச்சு, விண்டோஸ் 11 எட்டாவது ஜெனரேஷனுக்கு கீழ ஒத்துக்காது, டிபிஎம் 2.0ங்கற செக்யூரிட்டி சிப் வேற கேக்கும். இதுல காசு போடறது எனக்கு நியாயமா தெரியல. கஷ்டமரோட ஆதார் நம்பர், பேங்க் விவரம் எல்லாம் டைப் பண்ற மெஷின், அப்டேட் வராத மெஷின்ல அத பண்ணக்கூடாது. கேட்டவருக்கு கோபம் வந்தாலும் பரவால்ல, சொல்லியாகணும்.

பழையபோர்டு:

நீங்க சொன்னதுல அந்த ஆதார் விஷயம் ரொம்ப சரி, அத யாரும் லேசா எடுத்துக்கக்கூடாது. ஆனா இப்ப அவர் கேக்கறது சீசன் நடுவுல கடைய எப்படி நடத்தறதுன்னு. பேட்டரியும் எஸ்எம்பிஎஸ்ஸும் சேத்து 12,000ல கால்வாசிகூட ஆகாது, எஸ்எம்பிஎஸ் நாளைக்கு வாங்கப்போற கேபினட்டுக்கும் அப்படியே போகும், வீணாகாது. விண்டோஸ் 10க்கு வீட்டு உபயோகத்துக்கு நீட்டிச்ச செக்யூரிட்டி அப்டேட் 2026 அக்டோபர் 13 வரைக்கும் மைக்ரோசாஃப்ட் குடுக்குது. கடை மெஷின் அதுல சேரும்னு நான் சொல்ல மாட்டேன், அதனால ஆன்லைன் அப்ளிகேஷன் வேலைக்கு மட்டும் கொஞ்சம் புது செகண்ட்ஸ் மெஷின் ஒன்னு சீசன் முடிஞ்சதும் பாத்துக்கறதுதான் நல்லது, இத நெட் இல்லாம பத்திரிகை டிசைனுக்கும் பிரின்டுக்கும் வச்சுக்கலாம். அப்பயும் இந்த மெஷின் காலைல ஆன் ஆகணும்ல.

ஜெராக்ஸ்கடை_கும்பகோணம்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. சொன்ன வரிசைலயே பண்ணேன், என்ன ஆச்சுன்னு சொல்லிடறேன்.

மொதல்ல ஃபைல் எல்லாம் எக்ஸ்டர்னல் டிஸ்க்ல எடுத்தாச்சு, ஃபான்ட் ஃபோல்டரும் சேத்து. அன்னிக்கு ராத்திரி நல்லா தூங்குனேன். பயாஸ் பக்கம் எல்லாம் படம் எடுத்துட்டு பேட்டரிய கழட்டி மீட்டர்ல வச்சா 1.1 வோல்ட்தான் காட்டுச்சு. புதுசு போட்டப்பறம் தேதி சரியா இருக்கு, எஃப்1 இல்ல, பூட் டிவைஸ் கேக்கறதும் இல்ல, சைட் எல்லாம் ஒழுங்கா தொறக்குது. ஆனா காலைல நாலஞ்சு அமுக்கு வேணுங்கறது மட்டும் அப்படியே இருந்துச்சு, அப்பதான் ரெண்டு கோளாறுன்னு சார் சொன்னது நெஜம்னு புரிஞ்சுது.

அடுத்த நாள் யுபிஎஸ்ஸ ஆன் பண்ணிட்டு காத்திருந்து அமுக்குனோம், மொத அமுக்குலயே வந்துச்சு. அதுக்கு மறுநாள் மீட்டர் வச்சு பாத்தோம், ஊதா ஒயர்ல யுபிஎஸ் போட்டதும் 4.2 காட்டுச்சு, நிலையா நிக்காம ஆடிக்கிட்டே இருந்துச்சு, நேரம் ஆக ஆக ஏறி 4.8 பக்கம் வந்து நின்னுச்சு. 4.7 தாண்டுனப்பறம் அமுக்குனா உடனே ஆன் ஆகுது, அதுக்கு முன்னாடி அமுக்குனா ஃபேன் ஒரு சுத்தோட சரி. பவர் பட்டன் ஒயரயும் முன்பக்க யுஎஸ்பியையும் கழட்டி பாத்தோம், ஒரு வித்தியாசமும் இல்ல. மச்சான் வீட்டு கம்ப்யூட்டர்லேந்து எஸ்எம்பிஎஸ்ஸ கழட்டிட்டு வந்து ராத்திரியே மாட்டி வச்சுட்டு போனோம், காலைல பட்டன தொட்டதும் வந்துடுச்சு. அத திருப்பி குடுக்கணும், அதனால எந்த மாதிரி வாங்கணும்னு சொல்லுங்க. பழச தொறந்து அந்த கெப்பாசிட்டர மட்டும் மாத்த முடியாதா, இங்க டிவி மெக்கானிக் ஒருத்தர் இருக்கார்.

பழையபோர்டு:

சார் மனசு நெறஞ்சு போச்சு. 4.2லேந்து 4.8க்கு ஏறுதுன்னா வேற சந்தேகமே வேணாம், ஸ்டேண்ட்பை பக்கத்து கெப்பாசிட்டர் காஞ்சு போச்சு.

வாங்கும்போது பெட்டி மேல பெருசா போட்டிருக்கற வாட்ட பாக்காதீங்க. உங்க பழசையே எடுத்துக்குங்க, 450 வாட்னு எழுதியிருந்தாங்க, 12 வோல்ட்ல 14 ஆம்பியர், ரெண்டையும் பெருக்குனா 168 வாட்தான். பிராசசர், ஃபேன், டிஸ்க் எல்லாம் முக்கியமா 12 வோல்ட்லேந்துதான் இழுக்குது, அந்த கணக்குதான் உண்மையான பலம். உங்க பிராசசர் 65 வாட் ரகம், கிராபிக்ஸ் கார்டு இல்ல, அதனால 12 வோல்ட்ல 25 ஆம்பியருக்கு மேல குடுக்கற, 80 பிளஸ்னு (கரன்ட்ட அதிகமா வீணாக்காதுங்கறதுக்கு) முத்திரை இருக்கற, பில்லும் வாரன்டியும் உள்ள ஒன்ன வாங்குங்க, அது தாராளம். கைல தூக்கி பாருங்க, உள்ள சரக்கு இருக்கறது கனத்துலயே தெரியும். போர்டுல பிராசசருக்கு பக்கத்துல தனியா ஒரு கனெக்டர் இருக்கும், உங்களுது 4 பின்னா 8 பின்னான்னு பாத்துக்குங்க, புதுசுல பெரும்பாலும் 8 பின் ரெண்டா பிரியும். டிஸ்க்குக்கு கரன்ட் குடுக்கற சாட்டா பவர் கனெக்டர் குறைஞ்சது ரெண்டு வேணும், எஸ்எஸ்டிக்கு ஒன்னு ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்னு.

ஒரு எச்சரிக்கை, புது எஸ்எம்பிஎஸ் ஆக்டிவ் பிஎஃப்சி (கரன்ட்ட சீரா இழுக்க வைக்கற சர்க்யூட்) உள்ளதா இருந்தா, சில பழைய யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும்போது குடுக்கற சதுர அலைல அது சட்டுனு அணைஞ்சுடும். வாங்குன அன்னிக்கே, எந்த ஃபைலையும் தொறந்து வைக்காம, யுபிஎஸ்ஸோட செவுத்து சுவிட்ச அணைச்சு கம்ப்யூட்டர் தொடர்ந்து ஓடுதான்னு பாத்துருங்க. அணைஞ்சா அப்பவே கடைல பேசி மாத்திக்கலாம்.

பழச தொறக்கறது பத்தி, தயவுசெஞ்சு நீங்க தொறக்காதீங்க. உள்ள பெரிய கெப்பாசிட்டர்ல 325 வோல்ட் பக்கம் டிசி நிக்கும், 230 ஏசிய டிசி ஆக்குனா உச்சம் அவ்ளோ வரும், பிளக்க புடுங்கி வச்சப்பறமும் அது கொஞ்ச நேரம் உள்ளயே இருக்கும். டிவி மெக்கானிக் பவர் சப்ளைல கை பழகுனவரா இருந்தா அவரால முடியும், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள் தடை கம்மியான ரகம்)னு கேட்டு வாங்கி அதே மதிப்புல போடணும். நல்ல கைவேலக்காரர் பண்ணுனா இன்னும் சில வருஷம் ஓடும், அத ஸ்பேரா வச்சுக்குங்க, கடை மெஷினுக்கு புதுசுதான்.

யுபிஎஸ் ராத்திரி ஆஃப் பண்ற பழக்கம் நல்ல பழக்கம், அத மாத்தாதீங்க. வருஷத்துக்கு ஒருதடவ கேபினட்ட தொறந்து எஸ்எம்பிஎஸ் ஃபேன்ல இருக்கற தூச பிரஷ்ஷால எடுத்துடுங்க, பேப்பர் தூசும் டோனர் தூளும் உங்க கடைல ஜாஸ்தி. சூடு 10 டிகிரி ஏறுனா கெப்பாசிட்டர் ஆயுசு பாதியாகும்னு பெஞ்ச்ல ஒரு கணக்கு சொல்லுவோம்.

அந்த ஷாக் விஷயம் இன்னும் பாக்கி இருக்கு, அத சும்மா விடக்கூடாது. எலக்ட்ரீசியன் யாராவது இருந்தா சொல்லுங்க.

நெல்லை_ஒயர்மேன்:

அண்ணாச்சி, அது எர்த் இல்லாததுதான். எஸ்எம்பிஎஸ் உள்ள கரன்ட் நுழையற எடத்துல ஃபில்டர்னு ஒன்னு இருக்கும், ஃபேஸ்லேந்தும் நியூட்ரல்லேந்தும் ரெண்டு சின்ன கெப்பாசிட்டர் கேபினட்டோட சேந்திருக்கும். எர்த் இருந்தா அந்த வழியா வர்ற சொற்ப கரன்ட் பூமிக்கு போயிடும். எர்த் இல்லன்னா கேபினட் நடுவுல தொங்கி 115 வோல்ட் பக்கம் நிக்கும், கரன்ட் கம்மி, அதனால சுருக்குனு மட்டும் தெரியுது. ஆனா நாளைக்கு எஸ்எம்பிஎஸ் உள்ள ஏதாவது ஷார்ட் ஆச்சுன்னா ஃபேஸே கேபினட்டுக்கு வந்துடும், அப்ப சுருக்கோட நிக்காது. எஸ்எம்பிஎஸ் புதுசு போட்டாலும் இந்த ஷாக் போகாது, ஏன்னா அது எஸ்எம்பிஎஸ்ஸோட கோளாறு இல்ல.

மொதல்ல யுபிஎஸ்லேந்து செவுத்துக்கு போற பிளக்கு மூனு பின்னா, இல்ல ரெண்டு பின் கன்வெர்டர்ல மாட்டியிருக்கான்னு பாருங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ரெண்டு ஒயர்ல செஞ்சதா இருந்தாலும் இதேதான். அது சரியா இருந்தா சாக்கெட்ல பாக்கணும். இத தெரிஞ்ச ஒயர்மேன வச்சு பண்ணுங்க, நீங்க மீட்டர் வைக்க வேணாம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம் இருக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே 230 வரணும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ரெண்டு மூனு வோல்ட்டுக்கு மேல இருக்கக்கூடாது. ஃபேஸ் எர்த்துக்கு நடுவுல ஒழுங்கா வோல்டேஜ் வரலன்னா எர்த் ஒயர் எங்கயோ அத்துப்போயிருக்கு, இல்லன்னா கட்டடத்துக்கு எர்த்தே அடிக்கல. சில பேர் சாக்கெட்டுக்குள்ளயே எர்த் பின்ன நியூட்ரலோட சேத்து விட்டுடுவாங்க, ஷாக் நின்ன மாதிரி தெரியும், ஆனா நியூட்ரல் அத்துப்போன அன்னிக்கு மெஷின் பாடி பூரா ஃபேஸ் ஏறிடும். அப்படி பண்றேன்னு யார் சொன்னாலும் விடாதீங்க. பழைய கட்டடம்னா தனியா எர்த் கம்பி அடிச்சு ஒயர் இழுத்துடுங்க, மெயின்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிஞ்சா தானா அணைக்கற சுவிட்ச்) ஒன்னும் போட்டுடுங்க, ஜெராக்ஸ் மிஷினயும் அதே லைன்ல கொண்டு வந்துடுங்க.

ஜெராக்ஸ்கடை_கும்பகோணம்:

அண்ணே, பாத்தேன், யுபிஎஸ் பிளக்கு மூனு பின்தான், ஆனா அது மாட்டியிருக்கற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ரெண்டு ஒயர்தான் போகுது. இத எடுத்துட்டு செவுத்து சாக்கெட்ல நேரா மாட்டுனப்பறம் ஷாக் கம்மியாயிருக்கு, சுத்தமா போகல. கடைக்காரங்க சங்கத்துல சொல்லி ஒயர்மேன வரச்சொல்லியிருக்கேன், எர்த் கம்பி பத்தி நீங்க எழுதுனத அவர்கிட்ட அப்படியே காட்டிடறேன். எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர்ல 12 வோல்ட் 30 ஆம்பியர் போட்டது ஒன்னு பாத்து வச்சிருக்கேன், பிராசசர் கனெக்டர் 4 பின், அந்த எஸ்எம்பிஎஸ்ல 8 பின் பிரியுதான்னு கேட்டு வாங்கிடறேன்.

பழையபோர்டு:

30 ஆம்பியர் நல்லாவே போதும் சார். மாட்டறப்ப யுபிஎஸ்ஸ அணைச்சு ஒயர புடுங்கிட்டு பவர் பட்டன ஒருதடவ அமுக்கி விட்டு, அப்பறம் கனெக்டர கழட்டுங்க. மாட்டி முடிச்சதும் ஊதா ஒயர் வோல்டேஜ் எவ்ளோன்னு பாத்து இங்க போடுங்க.